மேற்குக் கதவை அடைத்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்ரீகாந்த் பக்கவாத்திய நேயர் மன்றத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டார். 2014 ஜனவரி மாநாட்டில் எடுத்தது. புருஷோத்தம் ஹாலின் மாடி. எண்பது பிளாஸ்டிக் நாற்காலி, எண்பதிலும் ஆட்கள், அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். 'நம்ம ஹால். இன்னைக்கு இல்லை. என்ன நாளெல்லாம் அது!' என்று கீழே எழுதியிருந்தார். ஒன்பது மணிக்குள் நாற்பத்திரண்டு பதில்கள் வந்துவிட்டன. டொரன்டோவிலிருந்து ஒருவர் வரிசையாக ஆறு அழும் முகங்கள் போட்டார்.

ஹைதராபாத் லோத்குண்டாவில், இரண்டாவது மாடி வீட்டில், மங்கையர்க்கரசி அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்தார். ஆட்களை ஒதுக்கிக்கொண்டு இடது ஓரத்துக்குப் போனார். அங்கே நீலத் துணி போர்த்திய ஒரு பலகை தெரிந்தது. ஆறடி எட்டங்குலம் உயரம், மூன்றேகால் அடி அகலம். அவர் அளந்து, வரைந்து, ஆள் வைத்துச் செய்து, தன் கையால் பொருத்தியது. பலகைக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. கதவுக்கு வெளியே தெருவுக்கு இறங்கும் இரும்புப் படிக்கட்டு.

2021 டிசம்பரில் அந்த ஹால் எரிந்தது. ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்தவர்களில் ஏழு பேர் இறந்தார்கள். ஏழு உடல்களும் மேற்குக் கதவுக்குப் பக்கத்தில் கிடந்ததாகவும், கதவு உள்பக்கம் அடைக்கப்பட்டிருந்ததாகவும் பேப்பரில் வந்தது. எதனால் அடைக்கப்பட்டிருந்தது என்று வரவில்லை.

அந்தப் பலகை அன்றைக்கு அங்கே இருந்ததா, இல்லையா? நான்கு வருடங்களாக மங்கையர்க்கரசியிடம் இருந்தது இந்த ஒரு கேள்விதான். அதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

அவர் அம்பாசமுத்திரத்துக்காரர். 1985இல், இருபத்திரண்டு வயதில், பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் வரைபடம் படியெடுக்கும் டிரேசர் வேலை கிடைத்து ஹைதராபாத்துக்கு வந்தார். முப்பத்தெட்டு வருடம் கழித்து சீனியர் டிராஃப்ட்ஸ்மேனாக ஓய்வு பெற்றார். பெண்ணாக இருந்தாலும் பதவியின் பெயர் அதுதான். அப்பா போனபின் அம்மா வந்து கூட இருந்தார். கல்யாணப் பேச்சு சில வருடம் வந்தது, பிறகு வரவில்லை. 2018இல் அம்மாவும் போய்விட்டார்.

பாட்டு கேட்கும் பழக்கம் வரைபலகையில் வந்தது. பிரிவில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் உண்டு, மெதுவாக வைத்துக்கொள்ளலாம். வரிகளைக் கவனித்தால் மையூற்றிய பேனா நின்று, கோட்டில் பொட்டு விழுந்துவிடும். பின்னால் ஓடும் வாத்தியத்தைக் கவனித்தால் கை தன் போக்கில் போகும். அதனால் அவர் பாடுகிறவரை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பவர்களைக் கேட்கக் கற்றுக்கொண்டார். அது ஒரு ரசனை என்றோ, அந்த ரசனை இன்னொருவருக்கும் இருக்கும் என்றோ அவருக்கு நாற்பத்தேழு வயது வரை தெரியாது.

2010இல் ஒருநாள் போலாரத்தில் ஒரு வங்கிக் கிளையில், கவுண்டருக்குள் இருந்தவர் பாஸ்புக்கைத் திருப்பியபடி ஏதோ முணுமுணுத்தார். பாட்டில்லை. பாட்டுக்கு நடுவே வரும் புல்லாங்குழல்.

"அந்த இடத்துல குழல் ரெண்டு," என்றார் மங்கையர்க்கரசி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டா?"

"ரெண்டாவது ஆளு கீழ வாசிக்காரு. முதல் ஆளு மூச்சு விடுத இடத்துல மட்டும் வெளிய தெரியும்."

"தாயீ," என்றார் அவர். "இருபது வருசமா இதைச் சொல்ல ஒரு ஆளைத் தேடிக்கிட்டிருக்கேன்."

அவர் ஃபெலிக்ஸ். தூத்துக்குடிக்காரர், மங்கையர்க்கரசியைவிட நாலு வயது மூத்தவர். அன்றிலிருந்து அவருக்கு இவர் மங்கை, இவருக்கு அவர் அண்ணாச்சி. அடுத்த ஜனவரியில் முதல் பக்கவாத்திய நேயர் மாநாடு நடந்தது. பதினொரு பேர் வந்தார்கள். ஃபெலிக்ஸ் மன்றத்தின் செயலாளரானார்.

மாநாட்டுக்கு ஒரு விதி உண்டு. பாடகர், இசையமைப்பாளர், நடிகர் யாரைப் பற்றியும் பேசக்கூடாது. இசைத்தட்டு உறையில் பெயர் வராதவர்களைப் பற்றித்தான் பேச்சு. பிற்பகலில் ஒரு மணிநேரம் கேட்பு. ஒரே பாட்டை மூன்று முறை போடுவார்கள். முதல் முறை சும்மா. இரண்டாவது முறை அடியில் போகும் ஒலிகளுக்கு. மூன்றாவது முறை ஒவ்வொருவரும் ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு அதன் கூடவே கடைசி வரை போக வேண்டும். அந்த ஒரு மணிநேரம் யாரும் பேசுவதில்லை, இருமுவதில்லை. இருமியவர்கள் மாலையில் நாற்காலி அடுக்க வேண்டும்.

"கடைசில ஒருத்தர் டிரையாங்கிளை ஒரே ஒரு தடவை தட்டுதாரு," என்று ஃபெலிக்ஸ் மைக்கில் சொல்வார். "வீட்டுக்குப் போனதும் சம்சாரம் கேக்கும்லா, இன்னைக்கு என்ன வேலை பாத்தீகன்னு? 'டிங்'னு சொல்லிட்டு சோத்துக்கு உக்காருவாரு."

ஒரு வருடம் சென்னையிலிருந்து ஒரு வயதான வயலின்காரரை அழைத்துவந்தார்கள். அவர் வாசித்த பாட்டையே போட்டார்கள். மூன்று முறை கேட்டுவிட்டு, "பன்னிரண்டு வயலின்ல நான் எதுன்னு எனக்கே பிடிபடலை" என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மங்கையர்க்கரசி அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசியவரில்லை. கேட்பு நேரத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். வருடம் முழுக்க வீட்டில் தனியாகக் கேட்டதை அந்த ஒரு மணிநேரம் எண்பது பேரோடு கேட்பார், அவ்வளவுதான். அதற்காகப் பதினொரு மாதம் காத்திருப்பார்.

புருஷோத்தம் ஹாலில் ஒரு குறை இருந்தது. மேற்குக் கதவுக்கு நேர் கீழே ஆட்டோ ஸ்டாண்டு. மூன்றாவது வருடம், ஒரு பாட்டில் எட்டே நொடி வரும் வீணைக்காக எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தபோது, சரியாக அந்த எட்டு நொடியில் கீழே ஒரு ஆட்டோ கிளம்பியது.

"அந்த ஆட்டோ யாருய்யா வாசிச்சது?" என்றார் ஃபெலிக்ஸ். சிரித்தார்கள். ஆனால் வீணை போனது போனதுதான்.

அடுத்த மாநாட்டுக்கு மங்கையர்க்கரசி பலகையை வரைந்தார். இரண்டு பிளைவுட், நடுவில் சத்தத்தை உறிஞ்சும் பாறைப்பஞ்சு இரண்டங்குலம், ஓரத்தில் ரப்பர் பட்டை, கதவுச் சட்டத்தோடு இறுக்கப் பதினாறு ஸ்க்ரூ. ஆய்வகத்தில் எந்த வரைபடத்திலும் மூன்று கையெழுத்துக் கட்டம் உண்டு: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். வரைந்தவரே சரிபார்க்கக் கூடாது. ஒரு சின்ன பிராக்கெட்டுக்குக்கூட இன்னொருவர் உட்கார்ந்து, இது கழன்றால் என்ன ஆகும், இறுகிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்பார். மன்றத்தில் அதற்கு ஆளில்லை.

"வரையத் தெரிஞ்ச ஆளு நீ மட்டும்தான. நீயே மூணுலயும் போடு," என்றார் ஃபெலிக்ஸ். போட்டார்.

மாநாட்டன்று காலையில் பலகையைப் பொருத்துவார், மாலையில் அவரே கழற்றுவார். பிடித்துக்கொள்ள ஹால் வாட்ச்மேன் யாதகிரி வருவார். யாதகிரிக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆனால் காது கூர்மை. ஒரு வருடம் கேட்பு முடிந்ததும், "டோலக் ரெண்டு பேர், அம்மா. ஒருத்தர் இடது கைக்காரர்" என்று மங்கையர்க்கரசியிடம் மெல்லச் சொன்னார். மன்றத்தில் அதுவரை ஒருவர்தான் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். மறுபடி போட்டுக் கேட்டார்கள். இரண்டு பேர்தான். அதற்குப் பிறகு கேட்பு நேரத்தில் யாதகிரிக்கும் ஒரு நாற்காலி.

வருடா வருடம் திருகிக் கழற்றியதில் சட்டத்து மரத்தில் துளைகள் இளகிப்போய், ஸ்க்ரூ பிடிக்கவில்லை. பிறத்தியார் கதவு இப்படிப் பாழாவது மங்கையர்க்கரசிக்குப் பொறுக்கவில்லை. 2017இல் ஸ்க்ரூக்களை விட்டுவிட்டு, சட்டத்தில் நான்கு துளை போட்டு நான்கு போல்ட் கொடுத்து, ஸ்பானரால் இறுக்கினார். இனி கழற்ற வேண்டாம், கழற்றினால்தான் மரம் கெடும், அடுத்த ஜனவரியில் எப்படியும் நாம்தானே வரப்போகிறோம் என்று ஹால் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜருக்குச் சந்தோஷம். டிஜே சத்தம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் சொல்வது குறையும். மன்றத்தில் எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள்.

அடுத்த ஜனவரி வரவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார், ஃபெலிக்ஸுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், நான்கைந்து பேர் வெளிநாடு போனார்கள். அதற்கடுத்த ஜனவரியிலும் யாரும் பேச்செடுக்கவில்லை. பிறகு கொரோனா. பலகையை யாரும் போய் எடுக்கவில்லை.

ஹால் எரிந்த செய்தி வந்த அன்று ஃபெலிக்ஸ் கூப்பிட்டார். "நம்ம பலகைய எப்பவோ பிச்சு எறிஞ்சிருப்பானுவ, மங்கை. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத." இவர் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே அவர் அதைச் சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

இப்போது ஸ்ரீகாந்த் குழுவில் அடுத்த செய்தி போட்டார். கொண்டாப்பூரில் தன் அடுக்ககத்துக் கிளப் ஹவுஸில் எல்லோரும் கூடலாம். பழைய ஹாலின் நினைவாக. 'முதல்ல ஒரு நிமிஷம் மௌனம், அப்புறம் ஒரு பாட்டு, மூணு தடவை. மங்கை ஆன்ட்டி ஹாலைப் பத்திப் பேசணும். அந்த சவுண்ட் ப்ரூஃப் ஐடியா அவங்களோடதுதானே!'

மங்கையர்க்கரசி கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு எடுத்து, யாதகிரியின் எண்ணைத் தேடினார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சங்கராந்திக்கு அவர் கூப்பிட்டிருந்தார். போலாரத்தில் ஒரு அபார்ட்மென்டில் வேலை பார்ப்பதாகச் சொல்லி, சௌக்கியம் விசாரித்து வைத்துவிட்டார். இவரும் மேலே கேட்கவில்லை.

அன்று மத்தியானமே பஸ் ஏறிப் போனார். ராணுவக் குடியிருப்பு மதிலை ஒட்டிய சந்தில் மூன்று மாடிக் கட்டடம். கேட்டுக்குள் ஸ்கூட்டர்களுக்கு நடுவே நாற்காலி போட்டு யாதகிரி உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. எழுந்து, அந்த நாற்காலியை அவருக்குத் துடைத்துக் கொடுத்தார்.

அவர்கள் எப்போதும் தெலுங்கில்தான் பேசுவார்கள்; யாதகிரி பேச்சில் நடுநடுவே ஊர் உருதுவும் வரும்.

"பலகை இருந்துச்சா யாதகிரி?"

"ஹவ் அம்மா. இருந்தது."

"போல்ட்டோட?"

"போல்ட்டோட. யார் கழட்டுவா? மேனேஜர் சாருக்கு அது பிடிச்சிருந்தது. நெருப்புக்கு ஆறு மாசம் முன்னாடி அவர் கொரோனாவில் போயிட்டார். புதுசா வந்தவனுக்கு அங்கே ஒரு கதவு இருக்கிறதே தெரியாது."

யாதகிரி உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். மங்கையர்க்கரசி குடித்து முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு, பிறகு ஸ்கூட்டர் ஒன்றின் சீட்டில் சாய்ந்துகொண்டு மீதியைச் சொன்னார். கீழே மெத்தைக் குடோனில் பிடித்த தீ. புகை பெரிய படிக்கட்டு வழியாகத்தான் ஏறியது. அவர் கேட்டில் இருந்தார், மேலே ஓடப் பார்த்தார், முடியவில்லை. வெளியே இரும்புப் படிக்கட்டில் ஏறிக் கதவை இழுத்துத் திறந்தார். கதவு திறந்தது. அதற்குப் பின்னால் பலகை. உள்ளேயிருந்து தட்டினார்கள்.

"காலால் உதைச்சேன். நல்லா செஞ்சிருந்தீங்க, அம்மா."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை.

பிறகு போலீஸ் வந்தது. வாட்ச்மேன்தான் அதை அடைத்தான், பையன்கள் படிக்கட்டில் நின்று சிகரெட் பிடிக்கிறார்கள் என்று அவனாகவே பலகை அடித்துவிட்டான் என ஹால் சொந்தக்காரரான சேட் எழுதிக் கொடுத்தார். யாதகிரி இருபத்துமூன்று நாள் உள்ளே இருந்தார். கேஸ் இன்னும் நடக்கிறது.

"நீங்க சொல்லியிருக்கலாமே. யார் போட்டதுன்னு."

"கேட்டாங்க. தெரியாதுன்னேன்."

"எதுக்கு?"

யாதகிரி பதில் சொல்லக் கூச்சப்பட்டது போலிருந்தது. "எனக்குப் பொண்டாட்டி இருக்கா. தம்பி இருக்கான், மச்சான் இருக்கான். அலைஞ்சு வெளியே எடுத்தாங்க. நீங்க ஒண்டி. உங்களை உள்ளே வெச்சா யார் வருவா?"

கேட்டுக்கு வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். ஒரு ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்தார். யாதகிரி போய்க் கேட்டைத் திறந்துவிட்டு வந்தார்.

"அடுத்த வாய்தா எப்போ?"

"நக்கோ அம்மா, வேண்டாம். எதுக்கு இதெல்லாம் இப்போ? நாலு வருஷம் ஆச்சு."

"எப்போன்னு சொல்லுங்க."

"பதினெட்டாம் தேதி," என்றார் யாதகிரி.

மறுநாள் காலை ஃபெலிக்ஸைக் கூப்பிட்டார். முதல் இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார்.

"பலகை இருந்திருக்கு, அண்ணாச்சி."

மறுமுனையில் டிவி ஓடியது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"யாரு சொன்னா?"

"யாதகிரி. அவர் மேலதான் கேஸ் போட்டிருக்கு. நான் போய்ச் சொல்லப் போறேன். நீங்களும் வரணும். மன்றம் கேட்டுத்தான் வெச்சதுன்னு செயலாளர் சொன்னா எடுபடும்."

"ஏ, மங்கை. செத்தவங்க திரும்பி வரப்போறாங்களா?"

"இருக்கவர் ஒருத்தர் இருக்காரு. பேரப்பிள்ளை எடுத்த வயசுல கோர்ட்டு வாசல்ல நிக்காரு."

"எனக்கு ரெண்டு ஸ்டென்ட் இருக்கு. பையன் கிரீன் கார்டுக்குப் போட்டிருக்கான், இந்த நேரத்துல அப்பன் பேரு கோர்ட்டுல வரலாமா? நீயே யோசி."

"அன்னைக்கு நல்ல யோசனைன்னு நீங்கதான மைக்குல சொன்னீய."

"சொன்னேன். இல்லங்கல." குரல் இறங்கிவிட்டது. "சொன்னேன் மங்கை. ஆனா வர முடியாது."

அவர் வைக்கவில்லை. இவரும் வைக்கவில்லை. பிறகு ஃபெலிக்ஸ் பக்கத்தில் யாரோ காபி என்று கூப்பிட, தொடர்பு அறுந்தது.

அன்று மாலை மங்கையர்க்கரசி குழுவில் எழுதினார். நான்கே வரி. பலகை 2021இல் அங்கே இருந்தது. அதை வரைந்ததும் போல்ட் போட்டதும் நான். அதற்காக வாட்ச்மேன் யாதகிரி மேல் வழக்கு நடக்கிறது. பதினெட்டாம் தேதி சாட்சி சொல்ல வர முடிகிறவர்கள் எனக்குத் தெரிவிக்கவும்.

அறுபத்தெட்டு பேர் படித்ததாகக் காட்டியது. யாரும் எழுதவில்லை. ஒருமணி நேரம் கழித்து ஸ்ரீகாந்த் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மெசேஜை எடுத்துடுங்களேன். பத்துப் பேர் போன் பண்ணிட்டாங்க. ஃபன் குரூப் இது, ஆன்ட்டி."

"நான் எடுக்க மாட்டேம்ப்பா."

"அப்போ நான் எடுத்துடறேன். அட்மினா வேற வழியில்லை எனக்கு. ஸாரி."

"சரி."

"கெட் டுகெதருக்கு வருவீங்கல்ல?"

மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வந்தது. "பாப்போம்," என்றார்.

யாதகிரியின் வக்கீல் அனுபமா. இலவசச் சட்ட உதவியில் கேஸ் எடுத்த இளம் பெண். அப்பா கோயம்புத்தூர்க்காரராம், தமிழ் புரியும், பதில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் கலந்து வந்தது. மங்கையர்க்கரசி அட்டைக் குழாயிலிருந்து பலகையின் வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தார். அனுபமா நான்கு மூலையிலும் நான்கு சட்டப் புத்தகம் வைத்து அதை வெகுநேரம் பார்த்தார்.

"மேடம், இதைக் கொடுத்தா யாதகிரிக்கு ரொம்ப நல்லது. உங்களுக்கு நல்லதான்னு தெரியாது. சாட்சியாவும் எடுத்துக்கலாம், குற்றவாளியா சேர்க்கவும் செய்யலாம். ரெண்டுக்கும் தயாரா வரணும்."

"வாரேன்."

"ஒருவேளை ஜாமீன் தேவைப்பட்டா ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். இந்த ஊர்ல இருக்கிறவங்க. யார் யார்?"

மங்கையர்க்கரசி யோசித்தார். நாற்பது வருடம் இருந்த ஊர். ஆய்வகத்தில் கூட வேலை பார்த்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு ஊருக்குப் போய்விட்டார்கள். எதிர்வீட்டுக்காரரின் முழுப்பெயர் தெரியாது. எண்பது நாற்காலியையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்.

"பின்னால சொல்லட்டுமா?"

"பதினேழுக்குள்ள சொல்லுங்க," என்றார் அனுபமா. வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள். மூன்று பக்கம். மங்கையர்க்கரசி எழுத்தெழுத்தாகப் படித்து, பலகையின் அகலம் ஓரிடத்தில் தவறாக இருந்ததைத் திருத்தச் சொல்லி, மறுபடி அச்செடுத்து வந்ததும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

யாதகிரி கீழே பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார். லீவு போட்டு வந்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல வந்தாரா, துணைக்கு வந்தாரா, அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

"போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு."

அவர் தலையாட்டினார். இரண்டு பேரும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். லோத்குண்டா பஸ் ஒன்று வந்து போனது. மங்கையர்க்கரசி எழுந்திருக்கவில்லை.

"அம்மா, மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"பிரஷருக்கு ஒண்ணு."

"டாக்டர் சீட்டு ரெண்டு காப்பி எடுத்து வெச்சுக்கங்க. சீட்டு இல்லாட்டி மாத்திரையை ஜெயிலுக்குள்ளே விடமாட்டாங்க, அழுதாலும் விடமாட்டாங்க." அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். "கண்ணாடி இன்னொண்ணு. கம்பளி ஒண்ணு, தரை ரொம்பச் சில்லுன்னு இருக்கும். செருப்பு பழசா போடுங்க, புதுசுன்னா காணாமப்போயிடும். லேடீஸ் பக்கம் எப்படின்னு எனக்குத் தெரியாது. என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்ச ஒருத்தி இருக்கா, கேட்டுச் சொல்றேன்."

மங்கையர்க்கரசி கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "முதல்லேருந்து சொல்லுங்க" என்றார்.